மோட்டார் போகவில்லை, வண்டிதான் நிற்கிறது: லெகோ டெக்னிக் வண்டிகளுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தால், பெரும்பாலும் வாசலில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் லாரியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நிற்பான். சொல்வதும் ஒரே வாக்கியம்தான்: "மாமா, மோட்டார் போய்விட்டது." அப்படி வந்த வண்டிகளில் மோட்டார் உண்மையிலேயே போயிருந்தவை மிகச் சில. மற்றவற்றில் குற்றவாளி பேட்டரி, சக்கரத்தில் சுற்றிய தலைமுடி, அளவுக்கு மேல் அழுத்திய புஷ் (அச்சில் மாட்டும் சிறு வளையம்), அல்லது துளை மாறி வைத்த கியர்.

பெட்டியோடு வரும் படப்புத்தகத்தைப் பார்க்காமல், லெகோ டெக்னிக் பாகங்களைக் கொண்டு சொந்தமாக வடிவமைத்து மோட்டார் பொருத்திய வண்டிகளுக்கானது இந்தக் குறிப்பு. அவற்றில் இரண்டு குடும்பங்கள் உண்டு. 2007இல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ், பேட்டரிப் பெட்டியும் அகச்சிவப்பு ரிமோட்டும் கொண்டது. அடுத்தது பவர்டு அப். அதன் டெக்னிக் வடிவமான கன்ட்ரோல் பிளஸ் 2019இல் வந்தது. புளூடூத் ஹப் (பேட்டரியும் இணைப்பும் ஒன்றாக உள்ள பெட்டி), கைபேசிச் செயலி என்று இயங்குவது. முதல் குடும்பத்தின் உற்பத்தி நின்றுவிட்டாலும் பல வீடுகளில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை: சாதாரண மல்டிமீட்டர், சிறிய டார்ச், புருவம் திருத்தும் இடுக்கி, ஒரு துண்டு வெள்ளைத்தாள், பிரிக்காத புது டபுள் ஏ பேட்டரி ஆறு.

## எந்தக் கோளாறானாலும் முதலில் விரல் சோதனை

மோட்டாரிலிருந்து வெளியே வரும் முதல் அச்சை உருவுங்கள். வண்டி இப்போது இரண்டாகப் பிரிந்துவிட்டது: மின்சாரப் பாதி, கியர்ப் பாதி. மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். சுற்றினால் மின்சாரப் பாதியை மறந்துவிடலாம். சுற்றாவிட்டால் நேராக முதல் கோளாறுக்குப் போங்கள்.

கியர்ப் பாதிக்கு, சக்கரங்கள் தரையைத் தொடாதபடி வண்டியை ஒரு பிஸ்கட் டப்பாவின் மேல் ஏற்றி வையுங்கள். உருவிய இடத்தில் வேறொரு அச்சைச் செருகி, இரண்டே விரலால் மெல்லச் சுழற்றுங்கள். பிள்ளைகள் முழுக் கையால் பிடித்து முறுக்குவார்கள். அப்படிச் செய்தால் எதுவும் தெரியாது.

சீராகச் சுற்றினால் கியர்களில் குறையில்லை. தொடர்ந்து கெட்டியாக இருந்தால் எங்கோ உராய்வு. ஒரு சுற்றுக்கு ஒருமுறை இறுகி இளகினால், ஒரு கியரில் பல் உடைந்திருக்கிறது அல்லது ஓர் அச்சு முறுக்கிக்கொண்டிருக்கிறது. நீளமான அச்சை ஒற்றைக் கண்ணால் நுனியிலிருந்து பாருங்கள். அதன் நான்கு விளிம்புகளும் ஜிலேபிபோல் லேசாகத் திருகியிருந்தால் அது திரும்ப நேராகாது, மாற்ற வேண்டியதுதான்.

ஒரு விதிவிலக்கு. வழியில் வார்ம் கியர் (திருகுபோன்ற கியர்) வைத்திருந்தால், சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினால் சுற்றாது. அது கோளாறில்லை, அந்தக் கியரின் குணமே அதுதான். மோட்டார் பக்கத்திலிருந்து மட்டும் சோதியுங்கள்.

## கோளாறு 1: சுவிட்சைப் போட்டும் அசைவே இல்லை

### விளக்கும் எரியவில்லை

பேட்டரியைக் கழற்றி, ஆறும் சரியான திசையில் இருந்தனவா என்று பாருங்கள். இதைச் சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வரும், ஆனால் பார்க்காமல் விடாதீர்கள்.

பிறகு ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். புது ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 முதல் 1.3 வரை காட்டினால் நலம். ஐந்து பேட்டரி நன்றாக இருந்து, ஒன்று மட்டும் 0.8 என்று தூங்கிக்கொண்டிருக்கும். ஆறு பேர் கைகோத்து நிற்கும் வரிசையில் ஒருவன் மயங்கியதைப்போல மொத்த வரிசையும் சாயும். அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டலாமா என்று கேட்பார்கள். கூடாது. பழையதும் புதியதும் கலந்தால் பழையது கசியும்.

சுவர்க் கடிகாரத்திலிருந்தும் டிவி ரிமோட்டிலிருந்தும் பிடுங்கிய மலிவு விலைப் பேட்டரிகளை இங்கே போடாதீர்கள். மீட்டரில் 1.5 காட்டும், மோட்டார் இழுக்கத் தொடங்கியதும் சரிந்துவிடும். கடிகாரத்துக்கு வேண்டிய மின்னோட்டம் சொட்டு, மோட்டாருக்கு வேண்டியது குழாய்.

பேட்டரி சரி என்றால் பெட்டியின் ஸ்பிரிங் முனைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ பச்சைக் கறையோ இருந்தால் ஆல்கலைன் கசிந்திருக்கிறது. பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ நனைத்துத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் ஒற்றி, ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். பச்சைக் கறை ஸ்பிரிங்கைத் தாண்டி உள்ளே சர்க்யூட் பலகை வரை போயிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு கைபேசி பழுதுபார்க்கும் கடைக்குக் கொடுங்கள். அவர்களுக்கு இது பத்து நிமிட வேலை. நமக்கு இது பெட்டியையே இழக்கும் வேலை.

### விளக்கு எரிகிறது, மோட்டார் சுற்றவில்லை

பவர் ஃபங்ஷன்ஸ் என்றால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தி மீண்டும் பொருத்துங்கள். பார்வைக்கு உட்கார்ந்ததுபோல் இருக்கும், அரை மில்லிமீட்டர் தூக்கலாக இருக்கும்.

அடுத்து ரிசீவரை (ரிமோட்டின் கட்டளையை வாங்கும் பெட்டி) விலக்கிவிட்டு மோட்டாரை நேராகப் பேட்டரிப் பெட்டியில் செருகுங்கள். சுற்றினால் மோட்டார் நலம். ரிசீவர், ரிமோட் பக்கம் பாருங்கள் (கோளாறு 6). சுற்றாவிட்டால் வேறொரு மோட்டாரை அதே இடத்தில் செருகிப் பாருங்கள். இரண்டாவது சுற்றி முதலாவது சுற்றாவிட்டால் மட்டுமே மோட்டாரையோ அதன் கேபிளையோ சந்தேகிக்கலாம்.

கேபிள் மோட்டாருக்குள் நுழையும் கழுத்துப் பகுதியை, மோட்டார் இயங்கும் நிலையில் வைத்து மெல்ல வளையுங்கள். விட்டு விட்டுச் சுற்றினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. ஸ்டியரிங்கோடு சேர்ந்து அசையும் மோட்டார்களில் இது அடிக்கடி நடக்கும். கம்பியைச் சீவி முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாம். பவர் ஃபங்ஷன்ஸ் கேபிளில் நான்கு கம்பிகள் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன, இரண்டு தொட்டுக்கொண்டால் பெட்டியும் சேர்ந்து போகலாம். சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## கோளாறு 2: மோட்டார் சத்தம் கேட்கிறது, சக்கரம் சுற்றவில்லை

இது பெரும்பாலும் செலவில்லாத கோளாறு. எங்கோ ஓர் அச்சு நழுவி, கியரை விட்டு வெளியே வந்திருக்கும். மோட்டாரை ஓடவிட்டு, டார்ச்சை மோட்டாரிலிருந்து சக்கரம் நோக்கி நகர்த்துங்கள். சுற்றுகிற கடைசிப் பாகமும் சுற்றாத முதல் பாகமும் எங்கே சந்திக்கின்றனவோ, கோளாறு அங்கே.

அச்சு நழுவியிருந்தால் திரும்பத் தள்ளிவிட்டு விடாதீர்கள், மறுபடி நழுவும். இரு முனையிலும் புஷ் வையுங்கள், அல்லது முனையில் தடுப்புள்ள அச்சைப் பயன்படுத்துங்கள்.

அச்சுகள் எல்லாம் இடத்தில்தான் இருக்கின்றன என்றால், வழியில் வெள்ளை நிற 24 பல் கியர் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதன் முகத்தில் 2.5 என்றும் 5.0 என்றும் எண்கள் இருந்தால் அது கிளட்ச் கியர். சுமை கூடினால் வழுக்குவதற்கென்றே செய்தது. வின்ச்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நல்லது. ஓட்டு சக்கரத்துக்குப் போகும் வழியில் வைத்தால் வண்டி நிற்கும், மோட்டார் பாடிக்கொண்டிருக்கும். பாகங்களைக் கொட்டி வைத்த டப்பாவிலிருந்து அவசரத்தில் எடுக்கும்போது சாதாரண 24 பல் கியருக்குப் பதில் இது வந்துவிடுகிறது. நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

அதுவும் இல்லையென்றால் டிஃபரன்ஷியலை (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்த் தொகுதி) திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் 12 பல் சிறிய பெவல் கியர்கள்தான் முதலில் பல் இழப்பவை. பல் மழுங்கிய கியரை மாற்றினால் வண்டி ஓடும், ஆனால் அடுத்த மாதம் மறுபடி வரும். வேகக் குறைப்பை டிஃபரன்ஷியலுக்கு முன்னால் மொத்தமாகச் செய்தால், பெருகிய முறுக்குவிசை முழுவதும் அந்தச் சின்னக் கியர்கள் வழியாகத்தான் போகும். குறைப்பை அதற்குப் பின்னால், சக்கரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். 2012இல் வந்த 9398 எண் கிராலர் வண்டியின் போர்ட்டல் ஹப் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) 8 பல்லும் 24 பல்லும் கொண்டு மூன்றுக்கு ஒன்றாகக் குறைப்பது இதற்காகத்தான். 2019இன் 42099 எண் வண்டியில் சக்கர ஹப்புக்குள்ளேயே 5.4க்கு ஒன்று என்ற குறைப்பு இருக்கிறது. யுனிவர்சல் ஜாயின்ட் (வளைந்தபடி சுழலும் அச்சு இணைப்பு) உடைந்துகொண்டே இருக்கிறது என்பவர்களுக்கும் இதே மருந்து.

## கோளாறு 3: சுமை ஏறினால் "டக் டக் டக்"

கியர் பல் தாவுகிறது. தாவ விட்டுக்கொண்டே ஓட்டினால் பல் போய்விடும், ஆகையால் சத்தம் கேட்ட உடனே நிறுத்துங்கள்.

### முதலில் எண்ணிப் பாருங்கள்

இணையாக ஓடும் இரண்டு அச்சுகளுக்கு ஒரு கணக்கு உண்டு. பீமில் (துளையிட்ட சட்டம்) ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். எத்தனை துளை தள்ளி இருக்கிறதோ, அதை 16ஆல் பெருக்கினால் வரும் எண்தான் இரண்டு கியர்களின் பற்களின் கூட்டுத்தொகை. இரண்டு துளைக்கு 32: அதாவது 8ம் 24ம், அல்லது 16ம் 16ம், அல்லது 12ம் 20ம். மூன்று துளைக்கு 48: 8ம் 40ம், 24ம் 24ம், 12ம் 36ம். 16க்கும் 24க்கும் கூட்டுத்தொகை 40, அதற்கு இரண்டரைத் துளை வேண்டும். சாதாரண பீமில் நேராக உட்காராது. கணக்கு ஒத்துவரவில்லை என்றால் வேறெதையும் தேட வேண்டாம்.

### கணக்கு சரி, ஆனாலும் தாவுகிறது

இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். போன மாதம் வந்த டிப்பர் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எல் மோட்டார் (எம், எல், எக்ஸ்எல் என்ற அளவுகளில் பெரியது), 24க்கு 24 என்ற ஜோடி, மூன்று துளை இடைவெளி, எல்லாம் சரி. டப்பாவின் மேல் வைத்தால் பட்டுப்போல் ஓடுகிறது. தரையில் இறக்கினால் டக் டக். பையன் இரண்டு கியரையும் புதிதாக மாற்றியிருந்தான். பயனில்லை.

வண்டியைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு கையால் பின்சக்கரத்தை இறுக்கி, சுவிட்சைத் தட்டச் சொன்னேன். டார்ச் வெளிச்சத்தில் அந்த ஜோடியை மட்டும் பார்த்தோம். சுமை ஏறிய நொடியில் இரண்டு கியருக்கும் நடுவில் முடியளவு வெளிச்சம் தெரிந்தது; ஒரு பல் தாவியது; வெளிச்சம் மறைந்தது. மறுபடி தெரிந்தது. இரண்டாவது கியரின் அச்சு ஒரே ஒரு பீமில், ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தது. மறுமுனை காற்றில் தொங்கியது. எக்ஸ்எல் மோட்டார் தள்ளும்போது அந்த அச்சு வளைந்து விலகிப்போகிறது. "கதவுக்கு ஒரே கீல் போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை, பீம் தேடப் போய்விட்டான்.

மறுமுனைக்கு ஒரு பீம், இரண்டு பீமையும் குறுக்கே கட்டும் ஓர் இணைப்பு. அவ்வளவுதான். கியருக்கு இரு பக்கமும் பிடிமானம், அந்தப் பிடிமானங்களுக்குள் ஒரு கட்டு. இது இல்லாத வண்டியில் எத்தனை கியர் மாற்றினாலும் தாவிக்கொண்டே இருக்கும்.

குறுக்காக, 90 பாகையில் சந்திக்கும் பெவல் கியர்கள் பக்கவாட்டில் அல்ல, அச்சின் நீளவாக்கில் ஒன்றையொன்று தள்ளும். அங்கே பீம் உதவாது. கியரின் முதுகுக்குப் பின்னால் இடைவெளி இல்லாமல் புஷ் வைக்க வேண்டும்.

கியர்களைச் சுற்றி மாவுபோல் சாம்பல் நிறப் பொடி படிந்திருந்தால் அது பல்லின் தேய்மானம். துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடி மாவு வந்தால் பிடிமானம் இன்னும் சரியாகவில்லை.

## கோளாறு 4: தரையில் ஓடுகிறது, பாயில் ஏறினால் நிற்கிறது

### விரல் சோதனையில் கெட்டியாக இருந்தால்

சக்கரங்களைக் கழற்றி அச்சைப் பாருங்கள். தலைமுடி இருக்கும். நம் வீடுகளில் இது தப்பவே தப்பாது; நீளமான முடி ஒன்று அச்சில் சுற்றிச் சுற்றி, பீமுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நூல்கண்டாக இறுகி உட்கார்ந்திருக்கும். ஒருமுறை இடுக்கியால் பிடித்து இழுத்தபோது என் முழங்கை நீளத்துக்கு ஒரே முடி வந்தது. கூடவே பாயின் கோரைத் துணுக்கு ஒன்றும்.

முடி இல்லையென்றால் புஷ். பீமோடு ஒட்ட அழுத்திய புஷ் பிரேக் போலப் பிடிக்கும். புஷ்ஷுக்கும் பீமுக்கும் நடுவில் வெள்ளைத்தாள் துண்டை வைத்து, புஷ்ஷை அழுத்தி, பிறகு தாளை உருவுங்கள். அந்த இடைவெளி போதும்.

அடுத்து பின்களின் நிறம். கறுப்பும் நீலமும் உராய்வு உள்ளவை, இரண்டு பீமை அசையாமல் பிடிப்பதற்கானவை. வெளிர் சாம்பலும் மணல் நிறமும் உராய்வு இல்லாதவை, சுற்றும் இடத்துக்கானவை. சக்கரத்தையோ இடைக் கியரையோ நீல நிறப் பின்னில் மாட்டியிருந்தால் மோட்டாரின் பலத்தில் ஒரு நல்ல பங்கை அந்தப் பின்னே தின்றுவிடும். இந்த ஒரு நிறக்குறிப்பைத் தெரிந்துகொண்டதால் மட்டுமே ஓடிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

தேங்காய் எண்ணெய் விடலாமா என்று ஒரு தாத்தா கேட்டார். தையல் மெஷின் எண்ணெயை விட்டுவிட்டே கொண்டுவந்தவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு அரைக்கும்; சில எண்ணெய்கள் இந்த வகைப் பிளாஸ்டிக்கில் விரிசல் விழவும் வைக்கும். சரியாகக் கட்டிய வண்டிக்கு எண்ணெய் தேவைப்படாது.

### விரல் சோதனை சீராக இருந்தால்

அப்படியானால் வண்டிக்கு வேகம் அதிகம், வலு குறைவு. 9 வோல்ட்டில் சுமையில்லாமல் பவர் ஃபங்ஷன்ஸ் எல் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 390 சுற்று, எக்ஸ்எல் சுமார் 220. விட்டம் 62.4 மில்லிமீட்டர் உள்ள டயரை எல் மோட்டாரில் நேராக மாட்டினால், கணக்குப்படி நிமிடத்துக்கு 76 மீட்டர். காகிதத்தில் அழகாக இருக்கும். ஒரு கிலோ எடையுள்ள வண்டியை அப்படி ஓட்ட முடியாது. நடுவில் மூன்றுக்கு ஒன்று குறைத்தால் 25 மீட்டராகும், பாயில் ஏறும். பெரிய டயர் மாட்டினால் அழகு கூடும், இழுவை குறையும், 62.4இலிருந்து 81.6க்கு மாறினால் அதே கியரில் வலு கிட்டத்தட்டக் கால்பங்கு போய்விடும்.

ஆகவே வரிசை இது: முதலில் சிறிய டயர், அதற்குக் காசு ஆகாது. பிறகு கியர் குறைப்பு. பிறகு எம் மோட்டாருக்குப் பதில் எல் அல்லது எக்ஸ்எல். இரண்டாவது மோட்டார் சேர்ப்பதைக் கடைசியில் யோசியுங்கள்.

### இரண்டு மோட்டார் வைத்த பிறகுதான் நின்றது என்றால்

இரண்டும் எதிரெதிராகச் சண்டையிடுகின்றன. கண்ணாடி பிம்பம்போல இடவலமாக வைத்த மோட்டார்களை ஒரே வெளியீட்டில் அடுக்கினால், ஒரே அச்சை ஒன்று முன்னுக்கும் மற்றொன்று பின்னுக்கும் சுற்றப்பார்க்கும். ஒன்றின் பிளக்கைக் கழற்றி ஓட்டுங்கள்; பிறகு அதைச் செருகி மற்றதைக் கழற்றுங்கள். தனித்தனியே வண்டி எதிர்த்திசைகளில் போனால் இதுதான். ஒரு மோட்டாரைத் திருப்பி வையுங்கள், அல்லது நடுவில் ஒரு கியர் கூட்டுங்கள். நீண்ட நேரம் சண்டையிட விட்டால் இரண்டுக்கும் ஆபத்து.

### சிறிது நேரம் ஓடி, நின்று, ஆறியபின் மறுபடி ஓடினால்

மோட்டாருக்குள் வெப்பக் காப்பு இருக்கிறது. சூடானால் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும். ரிசீவருக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் அப்படியே. பழைய ரிசீவரின் ஒரே வெளியீட்டில் இரண்டு எக்ஸ்எல் மோட்டாரை அடுக்கினால் இப்படித்தான் ஆகும். வெளியீட்டுக்கு ஒன்றாகப் பிரியுங்கள், அல்லது வி2 என்று குறியிட்ட ரிசீவர் தேடுங்கள். ஆனால் அதற்கு முன் மேலே சொன்ன முடியையும் புஷ்ஷையும் இன்னொருமுறை பாருங்கள். காப்பு வேலை செய்கிறது என்றால் ஏதோ ஒன்று அதைத் தட்டி எழுப்புகிறது.

## கோளாறு 5: ஒரு பக்கம் இழுக்கிறது, ஸ்டியரிங் நடுவுக்கு வரவில்லை

ஸ்டியரிங்கைத் தொடாமல் வண்டியைக் கையால் தள்ளுங்கள். தள்ளும்போதும் இழுத்தால் ஒரு பக்கச் சக்கரத்தில் உராய்வு அதிகம், கோளாறு 4. தள்ளும்போது நேராகப் போய், மோட்டாரில் மட்டும் இழுத்தால் ஸ்டியரிங்.

பவர் ஃபங்ஷன்ஸ் சர்வோவை (ஸ்டியரிங் மோட்டார்) எப்போதும் மின்சாரம் கொடுத்து, அது தானாக நடுவுக்கு வந்த பிறகுதான் ராக்கோடு (சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்) இணைக்க வேண்டும். அணைந்த நிலையில் கண்ணளவில் நடு என்று நினைத்து மாட்டினால் ஒரு பல் தள்ளியிருக்கும். அந்த ஒரு பல்தான் நீங்கள் தேடும் கோளாறு.

கன்ட்ரோல் பிளஸ் வேறு மாதிரி. அதன் மோட்டாருக்கு நடு எது என்று பிறவியில் தெரியாது. செயலி அதை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, முட்டும் இடங்களை வைத்து நடுவைக் கணக்கிடுகிறது. உங்கள் வடிவமைப்பில் முட்டும் இடம் இல்லையென்றாலோ, முட்டும்போது ராக் வளைந்துகொடுத்தாலோ, நடு ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். இரு பக்கமும் கெட்டியான தடுப்பு கட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் டயர் பம்பரில் உரசி நிற்கிறதா என்றும் பாருங்கள். அதையும் செயலி கோடி என்றே எடுத்துக்கொள்ளும்.

திரும்பும்போது மட்டும் பின்சக்கரம் இழுபட்டுத் தடுமாறினால், பின்னால் டிஃபரன்ஷியல் இல்லை. மெதுவாக ஏறும் கிராலருக்கு அது பரவாயில்லை, காருக்கு வையுங்கள்.

## கோளாறு 6: ரிமோட் சொல்வதைக் கேட்கவில்லை

### அகச்சிவப்பு ரிமோட்

ரிமோட்டில் 1 முதல் 4 வரை சேனல் உண்டு. ரிசீவரில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்றா? பிறகு கைபேசியின் முன்பக்கக் கேமராவை ரிமோட்டின் மூக்குக்கு நேரே பிடித்து நெம்புகோலைத் தள்ளுங்கள். திரையில் ஊதா கலந்த வெள்ளை ஒளி மினுக்கினால் ரிமோட் நலம். மினுக்காவிட்டால் அதன் மூன்று டிரிபிள் ஏ பேட்டரிகளை மாற்றுங்கள்.

வீட்டுக்குள் ஓடுகிறது, மொட்டைமாடியில் ஓடவில்லை என்றால் பழுதே இல்லை. வெயிலில் அகச்சிவப்பு எடுபடாது. நிழலில் ஓட்டுங்கள். ரிசீவரின் கறுப்பு முகத்தைக் கூரைக்குள் மறைத்துக் கட்டியிருந்தாலும் இதே கதை. அது வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். வெயிலில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால், பவர் ஃபங்ஷன்ஸ் மோட்டார்களைப் புளூடூத்தில் இயக்கும் எஸ்பிரிக் போன்ற தனிக் கருவி வேண்டும். இந்தப் பட்டியலிலேயே விலை கூடிய தீர்வு அது.

தள்ளினால் பின்னால் போகிறது என்றால் ரிமோட்டிலுள்ள திசைமாற்றும் சிறு சுவிட்சைத் தள்ளுங்கள். இதற்காக கியர் பெட்டியைப் பிரித்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், அவர் என் வீட்டில்தான் இருக்கிறார்.

### புளூடூத் ஹப்

பச்சைப் பொத்தானை அழுத்தியதும் விளக்கு வெள்ளையாகக் கண்சிமிட்டினால் ஹப் இணைப்புக்குக் காத்திருக்கிறது. கண்சிமிட்டாமல் நிலையாக எரிந்தால் அது ஏற்கெனவே வேறு கைபேசியோடு பேசிக்கொண்டிருக்கிறது. அக்காவின் கைபேசியில் செயலி திறந்திருக்கும், மூடச் சொல்லுங்கள்.

கண்சிமிட்டியும் செயலியில் தெரியவில்லை என்றால் ஆண்ட்ராய்டு அனுமதிகளைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12க்கு முந்தைய கைபேசிகளில் இருப்பிட அனுமதி இல்லாமல் ஹப் தெரியாது. 12இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் அருகிலுள்ள சாதனங்களுக்கான அனுமதி.

இணைந்துவிட்டது, ஆனால் முன்னே தள்ளினால் ஸ்டியரிங் திரும்புகிறது என்றால் மோட்டார்கள் துறை (ஹப்பில் பிளக் செருகும் இடம்) மாறிச் செருகியிருக்கின்றன. பெட்டி வண்டிகளுக்கான செயலித் திரை எந்தத் துறையில் எந்த மோட்டார் என்று எதிர்பார்க்கிறது. சொந்த வண்டிக்கு அதைப் பயன்படுத்தினால் அதே வரிசையில் செருக வேண்டும். இல்லையென்றால் பவர்டு அப் செயலியில் கட்டளைக் கட்டங்களை அடுக்கி நீங்களே கட்டுப்பாட்டை அமைத்துக்கொள்ளலாம்.

ஓடும்போது திடீரென்று இணைப்பு அறுந்தால் மறுபடி பேட்டரிதான். மோட்டார்கள் ஒரேயடியாக இழுக்கும்போது வோல்ட் சரிந்து ஹப் அணைகிறது. நிக்கல் பேட்டரி ஆறும் சேர்ந்தே 7.2 வோல்ட்தான் என்பதால், அரைகுறையாகச் சார்ஜ் செய்து போட்டால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

## கோளாறு 7: சூடு, நாற்றம், வீக்கம்

மோட்டார் கை சுடும் அளவுக்குப் போனால் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, இருபது நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு வண்டியில் மாட்டாமல் தனியாக ஓட்டுங்கள். சத்தம் முன்போல் இருந்தால் பிழைத்தது. கருகிய நாற்றம் அடித்திருந்தால், அல்லது தனியாக ஓடும்போதே கரகரத்தால், அதை மறுபடி வண்டியில் மாட்ட வேண்டாம்.

ரீசார்ஜ் பேட்டரிப் பெட்டி உப்பியிருந்தால் சார்ஜ் போடக்கூடாது, குத்தக்கூடாது, திறக்கக்கூடாது, குப்பைத்தொட்டியிலும் போடக்கூடாது. தனியே ஒரு உலோக டப்பாவில் வைத்து, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். இதில் வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது.

கோவையில் ஐந்து குதிரைத்திறன் தண்ணீர் மோட்டாருக்கு ஒரே நாளில் காயில் கட்டித் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அந்த நம்பிக்கையில் ஓர் எல் மோட்டாரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்குக் காயில் கட்டுவதற்கு என் விரல் ஆகாது தம்பி, பெரிது" என்று திருப்பிக் கொடுத்தார். ஆகவே மோட்டார் போனால் மாற்று மோட்டார்தான். வாங்கி அதிக நாள் ஆகவில்லை என்றால் முதலில் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். பவர் ஃபங்ஷன்ஸ் என்றால் பழைய பொருள் விற்பவர்களிடம்தான் கிடைக்கும்; காசு கொடுக்கும் முன் அவர்களையே பேட்டரியில் செருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிளக்கையும் பாருங்கள்: பவர் ஃபங்ஷன்ஸ் பிளக் பவர்டு அப் ஹப்பில் நுழையாது.